மாந்தோலை நிழலில் காயவைத்தால் சத்து தங்குமா?

கேள்வி: குப்பம் பக்கத்து வாசகர், 11 ஜூன் 2025

அண்ணா, எங்கள் ஊருக்குப் பக்கத்தில் மாங்கூழ் ஆலை இருக்கிறது. தோல் சும்மாவே கிடைக்கிறது, காயவைத்துப் பொடி செய்யலாம் என்று இருக்கிறேன். வெயிலில் போட்டால் சத்தெல்லாம் போய்விடும், மிஷின் கூடவே கூடாது, நிழலில்தான் காயவைக்கணும் என்கிறார்கள். முருங்கைக் கீரைக்கும் அப்படித்தானே? இன்னொருவர், காய்ந்த தோலில் சத்து ஐந்து மடங்கு கூடும் என்கிறார். எது சரி?

11 ஜூன், இரவு

முருங்கைக்குச் சரி. மாந்தோலுக்குச் சரியில்லை. போன வருஷம் இதே பேச்சைக் கேட்டு, மாட்டுக்கொட்டகையில் பரண் கட்டி, ஈச்சம்பாயில் 80 கிலோ பரப்பினேன். இரண்டாம் நாள் பொடி ஈ. மூன்றாம் நாள் காடி வாசனை. நாலாம் நாள் அடியில் வெள்ளைப் பூசணம். ஆறாம் நாள் அள்ளி உரக்குழியில் கொட்டினேன். மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன், கரண்ட் போய்ப் போய் வருகிறது.

12 ஜூன்

முருங்கை இலை காகிதம் மாதிரி, காற்றுப் பட்டாலே சருகாகிவிடும். ஆலையிலிருந்து வரும் மாந்தோலில் நூற்றுக்கு எழுபத்தைந்து, எண்பது பங்கு தண்ணீர். வெளிப்பக்கம் மெழுகு, அந்த வழியாக ஈரம் லேசில் வெளியே வராது. உள்பக்கம் சதை ஒட்டியிருக்கும், அதில் சர்க்கரை. ஈரமும் சர்க்கரையும் நிழலும் சேர்ந்த இடத்தில் முதலில் குடியேறுவது ஈஸ்ட்தான். காயவைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு நான் போன வருஷம் செய்தது சாராய ஊறல்.

அடுத்தது, சத்து சத்து என்று ஒரே சொல்லாகச் சொல்கிறோம். தோலுக்குள் இருப்பது ஒரு கூட்டுக் குடும்பம், ஆளுக்கொரு குணம். வைட்டமின் சி தொட்டாற்சிணுங்கி: சூடு, காற்று, வெளிச்சம் எதையும் தாங்காது. பழுத்த தோலுக்கு மஞ்சள் தரும் கரோட்டினாய்டு சூட்டை ஓரளவு பொறுத்துக்கொள்ளும், நேர் வெயிலில் வெளிறும். மாஞ்சிஃபெரின் என்று ஒன்று உண்டு, மாவின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அது கெட்டி ஆள், சூட்டில் எளிதில் உடையாது. பெக்டினும் நார்ச்சத்தும் எப்படிக் காயவைத்தாலும் பெரும்பாலும் நிற்கும்.

துவர்ப்பு தரும் பாலிஃபீனால்களின் கதைதான் வேறு. அவற்றின் எதிரி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி. வாழைக்காயை நறுக்கித் தண்ணீரில் போடாமல் வைத்தால் கறுக்கிறதே, அதே வேலை. தோல் முழுசாக இருக்கும்வரை நொதி ஓர் அறையில், பாலிஃபீனால் ஓர் அறையில். கத்தி பட்டதும் சுவர் உடைந்து காற்றும் உள்ளே வந்துவிடும்.

டீத்தூளை நினைத்துக்கொள்ளுங்கள். கிரீன் டீ எடுப்பவர்கள் கொழுந்தைப் பறித்ததும் ஆவியிலோ வாணலியிலோ சூடு காட்டி நொதியை முடக்கிவிடுகிறார்கள், பச்சை நிற்கிறது. குன்னூர்ப் பக்கம் கறுப்பு டீக்கு அதே கொழுந்தை நசுக்கிக் காற்றில் விட்டு, வேண்டுமென்றே சிவக்க வைக்கிறார்கள். நிழலில் பரப்பிய மாந்தோல் இந்த இரண்டாவது கட்சி. மெதுவாகக் காய்ந்தால் பக்குவமாகக் காயும் என்று நம் மனசில் ஒரு எண்ணம். நொதிக்கு வேண்டியது வெதுவெதுப்பும் ஈரமும்தான். ஆறு நாள் நிழல் என்றால் ஆறு நாள் அதற்கு விருந்து.

காயின் தோலில் பாலிஃபீனால் கூடுதல், பழத்தின் தோலில் கரோட்டினாய்டு கூடுதல். ஆலையில் வகுப்பது பழம். ஆகவே தம்பி, உங்களுக்கு இரண்டையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

13 ஜூன்

ஐந்து மடங்கு விஷயம். 10 கிலோ ஈரத் தோல் காய்ந்தால் 2 கிலோ சொச்சம். போனது தண்ணீர். 100 கிராம் ஈரத் தோலையும் 100 கிராம் காய்ந்த தோலையும் பக்கத்தில் வைத்தால் எல்லாமே ஐந்து மடங்காகத்தான் தெரியும், மண் ஒட்டியிருந்தால் மண்ணும். பாலைச் சுண்டக் காய்ச்சினால் சுண்ணாம்புச் சத்து புதிதாகப் பிறக்குமா? தண்ணீரைக் கழித்துவிட்டு, உலர்எடைக்கு உலர்எடை ஒப்பிடணும். அப்படிப் பார்த்தால் எந்த முறையிலும் நஷ்டம்தான், கூடக் குறைய.

14 ஜூன்

பலமநேர் மச்சான் இதைப் படித்துவிட்டு போன் செய்தார். "பாவா, மாமிடி தொக்கக்கு இவ்வளவு சயின்ஸா?" மாந்தோலைத்தான் தெலுங்கில் அப்படிச் சொல்கிறார். அவர் வீட்டில் வருஷா வருஷம் மாகாய ஊறுகாய் போடுவார்கள். புளிப்புக் காயைத் தோல் சீவி, துண்டு போட்டு, உப்பும் மஞ்சளும் பிசறி, ஊறியதைப் பிழிந்து வெயிலில் காயவைப்பது. சீவின தோல் முழுக்க ஆட்டுக்கு. ஆடு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அதன் ஆரோக்கியத்துக்கு யாருமே ஈடில்லை என்றார்.

19 ஜூன்

வாய்ப்பேச்சு வேண்டாம் என்று 16ஆம் தேதி காலை 40 கிலோ தோல் கொண்டுவந்து பத்துப் பத்தாகப் பிரித்தேன். வேப்பனப்பள்ளிப் பக்கம் எங்கள் வீட்டு மொட்டைமாடிதான் களம். ஒன்று தார்ப்பாயில் நேர் வெயில். ஒன்று திண்ணை நிழல். ஒன்று பாலித்தீன் கூடார சோலார் டிரையர், நடுப்பகலில் உள்ளே 55, 58 டிகிரி காட்டும். நாலாவதும் கூடாரம்தான், ஆனால் அதற்கு முன் ஆவி. வீட்டு இட்லி அண்டாவைத்தான் எடுத்தேன், துணி கட்டி, கைப்பிடி கைப்பிடியாக மூன்று மூன்று நிமிஷம். அண்டா இன்னும் மாங்காய் வாசனை அடிக்கிறது, வீட்டில் அது தனிப் பிரச்சினை.

ஆவி பட்ட தோல் எடுத்த உடனே தளர்ந்து, கண்ணாடி மாதிரி ஆகி, மஞ்சள் இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. அதுவே முதலில் காய்ந்தது, மறுநாள் மத்தியானம். அப்பளம் போல் படக்கென்று ஒடிந்தது. ஆவி காட்டாத கூடாரத் தோல் மறுநாள் சாயங்காலம் ஆனது, ஓரமெல்லாம் பழுப்பு. தார்ப்பாயில் போட்டதற்கு இன்றோடு நாலு நாள். ஆனிக் காற்றும் மேகமும், மாலையானால் தூறல், எடுத்து எடுத்துப் போட்டோம். மேல்பக்கம் வைக்கோல் நிறம், புரட்டினால் அடிப்பக்கம் அதைவிட மஞ்சள். வெளிச்சம் என்ன செய்கிறது என்பதை அந்த ஒரு துண்டிலேயே பார்க்கலாம். திண்ணைத் தோல் இன்னும் வளைகிறது. ஒடியவில்லை. புளித்த வாசனை, நிறம் காப்பிக்கொட்டை.

ஆவி காட்டுவது ஏதோ வெளிநாட்டு வித்தை இல்லை. ஈரோட்டில் மஞ்சளை அவித்துத்தான் காயப்போடுகிறார்கள். நெல்லைப் புழுக்கிக் காயவைத்துத்தான் புழுங்கலரிசி. அவித்துக் காயவைக்கத் தெரிந்த ஊர்க்காரர்கள் மாந்தோல் என்றதும் நிழல் நிழல் என்று ஓடினோம்.

20 ஜூன்

ஆவிக்குப் பதில் கொதிநீரில் முக்கலாமா என்று கேட்டவருக்கு: இன்று முக்கிப் பார்த்தேன். வேலை சுலபம். ஆனால் ஐந்தாவது ஈட்டுக்குள் தண்ணீர் மஞ்சளாகி, நாக்கில் வைத்தால் துவர்த்தது. எதைக் காப்பாற்ற முக்கினேனோ அதில் ஒரு பங்கு அண்டாவிலேயே தங்கிவிட்டது. தண்ணீரை மாட்டுக்கு ஊற்றினேன். குடித்தது.

22 ஜூன்

குடியாத்தம்காரர் ஒருவரிடம் கரண்ட் டிரே டிரையர் இருக்கிறது. அவருக்குத் தனியாக, 60 டிகிரியைத் தாண்டாதீர்கள் என்று சொல்லியிருந்தேன். அதைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். ஈரம் சொட்டும் நேரத்தில் தோல் காற்றின் சூட்டுக்கு ஏறாது. மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே கணக்கு, ஆவியாகிற தண்ணீர் சூட்டைத் தின்றுவிடும். காற்றோட்டம் நன்றாக இருந்தால் தொடக்கத்தில் 65 வைத்தாலும் பெரிய பாதகமில்லை. கடைசி இரண்டு மணி நேரம்தான் கண்டம். ஈரம் தீர்ந்ததும் தோல் முழுச் சூட்டையும் தானே வாங்கும். அப்போது குறைக்கணும்.

சதை கனமாக ஒட்டியிருந்தால் இந்தக் கணக்கும் தப்பும். மேலே சர்க்கரை ஆடை கட்டி, உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், மூட்டை கட்டினால் ஒரே வாரத்தில் பூசணம். ஒரு ஸ்பூனால் சதையை வழித்துவிடுங்கள். வழித்ததை வீணாக்க வேண்டாம், சர்க்கரை போட்டுக் கிளறினால் குழந்தைகள் தின்பார்கள்.

அவர் இதையெல்லாம் கேட்பதற்கு முன்பே 85 வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டாராம். வந்தது முறுகின வெல்லப்பாகு நிறம். எறியாதீர்கள், எனக்கு ஒரு பொட்டலம் அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

24 ஜூன்

ஃபிரீஸ் டிரையர், அதாவது உறையவைத்து வெற்றிடத்தில் ஈரத்தை எடுக்கிற மிஷின்: நிறம், வைட்டமின் சி, வாசனை மூன்றுக்கும் அதுதான் மேல், மறுப்பில்லை. ஆனால் கணக்கு போடுங்கள். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கவே குறைந்தது 0.63 யூனிட். ஒரு கிலோ காய்ந்த தோலுக்கு 4 கிலோ தண்ணீர் போகணும், அதாவது இரண்டரை யூனிட், அதுவும் துளி சூடு வீணாகாவிட்டால். ஃபிரீஸ் டிரையரில் உறையவைக்கவும் வெற்றிடம் பிடிக்கவும் இதைப்போல் பல மடங்கு. சும்மா கிடைத்த தோலுக்குப் பட்டுக் குஞ்சம். இன்னொன்று, உறைநிலை நொதியைக் கொல்லாது, தூங்கத்தான் வைக்கும். ஈரம் பட்டால் எழுந்து வேலையைத் தொடரும்.

30 ஜூன்

பத்து நாளாகத் தோல் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. நம் பக்கத்தில் பெங்களூரா, ஆந்திரப் பக்கத்தில் தோத்தாபுரி, பழம் ஒன்றுதான். இந்த வருஷம் விளைச்சல் கொட்டி விலை விழுந்தது. ஆந்திர அரசு கிலோவுக்கு 12 ரூபாய் என்று வைத்து, ஆலைகள் 8, அரசு 4 என்று பிரித்தது. இதே மாதம் சித்தூர் மாவட்டத்தில் வெளிமாநிலப் பழத்துக்குத் தடை வந்தது, கர்நாடக முதல்வர் கடிதம் எழுதுகிற அளவுக்குப் போனது. அந்த அரசியலுக்குள் நான் போகவில்லை, எனக்கு இரண்டு பக்கமும் சொந்தம் இருக்கிறது.

இங்கே எழுத வந்தது வேறு. தோல் தட்டுப்பாட்டில் டிப்பர்காரர் எங்கெங்கோ சேர்த்து, காலை ஆறு மணிக்கு வகுந்ததை மாலை நாலரைக்குக் கொண்டுவந்து கொட்டினார். குவியலுக்குள் முழங்கை வரை விட்டேன். வெந்நீர் அண்டாவுக்குள் விட்ட மாதிரி இருந்தது. அடுப்பில்லாமல் அது தானே வெந்துகொண்டிருக்கிறது. அதையும் ஆவி காட்டி, அதே கூடாரத்தில், அதே தட்டில் காயவைத்தேன். வந்தது பழுப்பு. 16ஆம் தேதித் தோல் வகுந்து ஒன்றரை மணி நேரத்தில் கைக்கு வந்தது, மஞ்சளாகக் காய்ந்தது. கூடாரம் ஒன்று, அண்டா ஒன்று, ஆள் ஒன்று, நடுவில் ஒன்பது மணி நேரம்தான் வித்தியாசம்.

வெயிலா நிழலா மிஷினா என்று மூன்று வாரமாக அடித்துக்கொண்டது எனக்கே இப்போது கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. தோல் ஆலை வாசலில் கிடக்கும்போதே பாதி கணக்கு முடிந்துவிடுகிறது. மேலே 12ஆம் தேதி எழுதியதை அழிக்கவில்லை, ஆனால் அதை எழுதியவன் குவியலுக்குள் கை விட்டுப் பார்க்காதவன் என்று நினைத்துப் படியுங்கள்.

9 ஜூலை

ஐந்து பொட்டலம் ஒரு கல்லூரி ஆய்வகத்துக்குப் போயிருந்தது: தார்ப்பாய், திண்ணை, கூடாரம், ஆவிக் கூடாரம், குடியாத்தம் முறுகல். மொத்த பாலிஃபீனால் கணக்கில் முதலிடம் யாருக்கு என்று சொல்லுங்கள்.

முறுகலுக்கு. குடியாத்தம்காரர் காலையிலிருந்து எனக்கு இட்லி அண்டா படமாக அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

இரண்டாவது ஆவிக் கூடாரம், கடைசி திண்ணை. அதெல்லாம் எதிர்பார்த்ததுதான்.

9 ஜூலை, இரவு

ரசாயனம் படித்த அண்ணன் மகளைப் பிடித்தேன். "சித்தப்பா, எந்த டெஸ்ட்?" என்றாள். ஃபோலின் முறை என்றேன். சிரித்தாள். அந்தக் கரைசல் மஞ்சளாக இருக்கும், பாலிஃபீனால் பட்டால் நீலமாகும், எவ்வளவு நீலமோ அவ்வளவு எண். சிக்கல் என்னவென்றால் அது பாலிஃபீனாலை மட்டும் பார்த்து நீலமாவதில்லை. வைட்டமின் சி பட்டாலும் ஆகும், சில சர்க்கரைக்கும் கொஞ்சம் ஆகும். சர்க்கரையும் புரதமும் சூட்டில் சேர்ந்து முறுகும்போது பிறக்கிற பழுப்புப் பொருட்களுக்கும் ஆகும். முறுகினதுக்கு மார்க் கூடியது இப்படியும் இருக்கலாம். எது எவ்வளவு என்று பேர் சொல்லித் தெரியணும் என்றால் ஒவ்வொரு பொருளையும் பிரித்து அளக்கிற ஹெச்.பி.எல்.சி. கருவியில் மாஞ்சிஃபெரினைத் தனியாக, கரோட்டினைத் தனியாகப் பார்க்கணும். செலவு கூடும்.

குடியாத்தம்காரருக்கு இதை அனுப்பினேன். தோற்றவன் நடுவரைத் திட்டுவான் என்றார்.

10 ஜூலை

அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ராத்திரி தூக்கம் வரவில்லை, மறுபடி அண்ணன் மகளையே கேட்டேன். பாலிஃபீனாலில் ஒரு பங்கு நார்ச்சுவரோடு ஒட்டிக்கொண்டு கிடக்குமாம், பச்சைத் தோலில் கரைசலுக்குள் வராது. சூடு சுவரை இளக்கினால் அது விடுபட்டு அளவில் சேரும். அந்த ஏற்றம் பொய்யில்லை, உள்ளதுதான் வெளியே வந்தது. ஆக, 13ஆம் தேதி "எந்த முறையிலும் நஷ்டம்தான்" என்று அடித்துச் சொன்னது தப்பு. இருந்த மொத்தத்தில் நஷ்டம், எடுக்கக் கிடைப்பதில் சில நேரம் லாபம். முறுகல் பொட்டலத்தில் இரண்டில் எது எவ்வளவு என்று அந்த ஒரு நீலத்தை வைத்துப் பிரிக்க முடியாது. நிறத்தைப் பொறுத்தவரை சந்தேகமே இல்லை, அதில் மஞ்சள் மருந்துக்குக்கூட இல்லை.

21 ஜூலை

"இதை யார் தின்பார்கள்?" என்று கேட்டவருக்கு. மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் (சி.எஃப்.டி.ஆர்.ஐ.) பிஸ்கட் மாவில் மாந்தோல் பொடி கலந்து பார்த்து 2008இல் வெளியிட்டிருக்கிறார்கள். 10 சதம் வரை சுவை ஏற்கும்படி இருந்தது என்பது அவர்கள் முடிவு. எங்கள் வீட்டில் முறுக்கு மாவில் கண்ணளவாகப் போட்டார்கள். கசந்தது. கண்ணளவு எத்தனை சதம் என்று கேட்கக் கூடாத நேரம் அது.

இரண்டு எச்சரிக்கை. மா, முந்திரி, சேராங்கொட்டை மூன்றும் ஒரே குடும்பம். தோலிலும் பாலிலும் அரிப்பு தருகிற பொருள் உண்டு, சிலருக்கு உதடு தடிக்கும். எனக்கே வகுக்கும் நாட்களில் மணிக்கட்டில் வரும். மற்றது தோட்டத்து மருந்து. பழத்துக்கு அடிக்கிற பூச்சிமருந்து முதலில் உட்காருவது தோலில்தான். காயவைத்தால் ஐந்து மடங்கு என்றாரே ஒருவர், மருந்துக்கும் அந்தக் கணக்கு பொருந்தும். எந்தத் தோட்டத்துப் பழம் என்று தெரியாத ஆலைத் தோலை டெஸ்ட் பார்க்காமல் மனுஷன் வாய்க்குக் கொண்டுபோக வேண்டாம்.

17 ஆகஸ்ட்

ஜூன் மாத ஆவிப் பொடியை இரண்டாகக் கட்டியிருந்தேன். வெள்ளைப் பாலித்தீன் பையில் பாதி, மூடி இறுக்கின எவர்சில்வர் டப்பாவில் பாதி. பை ஜன்னலோரம் இருந்தது. இன்று எடுத்தால் ஜன்னலைப் பார்த்த பக்கம் கடலைமாவு நிறம், கீழே கட்டி தட்டியிருக்கிறது. டப்பாவில் இருப்பது இன்னும் மஞ்சள்தூள்தான். பொடித்தால் காற்றும் வெளிச்சமும் படுகிற பரப்பு கூடிவிடுகிறது, சர்க்கரை வேறு ஈரத்தை இழுக்கிறது. இனிமேல் ஒடித்த சில்லாகவே வைக்கப் போகிறேன், கேட்கிறவர்களுக்கு அப்போதைக்கப்போது அரைத்துக் கொடுக்கலாம்.

5 அக்டோபர்

குப்பம் தம்பி, கேள்வி கேட்டவர், ஒரு கிலோ சில்லு அனுப்பியிருந்தார். ஜூலைக் கடைசி ஈடாம். டப்பாவைத் திறந்ததும் என்னுடையதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், வைக்காமலே இருந்திருக்கலாம். அவருடையது பூசணிப்பூ மஞ்சள். அண்டா அதேதான், கூடாரம் என்னுடையதைவிடச் சின்னது. எப்படி என்று கேட்டேன். ஆலைக்கு எதிரிலேயே ஒரு மொட்டைமாடி வாடகைக்குப் பிடித்தாராம். கூடையில் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டினால் அண்டா.

வாடகை எவ்வளவு என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் போடவில்லை.